கேத்திலில் படியும் வெள்ளையும் சிறுநீரகமும்: பார உலோகங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் ஒரு மருத்துவ ஆய்வுகூடத்தில் பல வருடங்களாக இரத்தமும் சலமும் வாங்கிச் சோதித்து வருகிறேன். றிப்போர்ட் எடுக்க வருபவர்கள் கவுண்டரில் நின்றபடி கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் இருக்கும். அங்கே வரிசை நிற்கும்போது இரண்டு சொல்லில் முடித்துவிட்ட பதில்களை இங்கே ஆறுதலாக எழுதியிருக்கிறேன். நான் வைத்தியர் இல்லை. மருந்தைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது எல்லாம் உங்கள் வைத்தியரோடு பேசித்தான்.

எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சினால் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறது. அது பார உலோகமா?

இல்லை. அது சுண்ணாம்பு, கல்சியம் காபனேற். குடாநாட்டின் நிலத்தடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மழைத்தண்ணீர் அதற்குள்ளால் இறங்கும்போது கொஞ்சத்தைக் கரைத்துக்கொண்டு வரும். காய்ச்சும்போது அது திரும்பவும் கல்லாகப் படியும். நம்பிக்கை வராவிட்டால் கேத்திலுக்குள் கொஞ்சம் தேசிக்காய்ப் புளி விட்டுப் பாருங்கள்; நுரைத்துக்கொண்டு கரையும். இன்னொரு வேடிக்கை: உலோகக் குழாயின் உட்பக்கத்தில் இதே படலம் படிந்தால் குழாயில் உள்ள ஈயம் தண்ணீரில் கரைவது குறையும்.

வெள்ளைப் படலத்துக்குப் பயந்து பாதிப்பேர் போத்தல் தண்ணீர் வாங்குகிறார்கள். அதே வீட்டுப் பின்பத்தியில் பழைய பற்றரி உடைத்து ஈயம் உருக்குவார்கள். அதைப் பற்றி ஒருவரும் கவுண்டரில் கேட்பதில்லை.

அப்படியென்றால் பார உலோகம் என்பது எது?

சிறுநீரகக் கதையில் முக்கியமானவை நான்கு: ஈயம், கட்மியம், பாதரசம், ஆசனிக். ஆசனிக் முழு உலோகம் இல்லை, பாதி உலோகம். ஆனாலும் இந்தக் கூட்டத்தோடுதான் சேர்ப்பார்கள். இரும்பு, நாகம், செம்பு போன்றவை உடலுக்குத் தேவை, அளவு மிஞ்சினால்தான் தொல்லை. முன் சொன்ன நான்கில் ஈயம், கட்மியம், பாதரசம் மூன்றும் உடலில் ஒரு வேலையும் செய்வதில்லை.

ஈயம் என்ற சொல்லில் நமக்கு ஒரு குழப்பம் உண்டு. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவது என்று அம்மம்மா சொன்னது வெள்ளீயத்தை. அது வேறு உலோகம், அவ்வளவு ஆபத்து இல்லை. பற்றரியிலும் பழைய பெயின்ரிலும் வலைக்குண்டிலும் இருப்பது காரீயம். இங்கே ஈயம் என்று எழுதுவதெல்லாம் காரீயத்தைத்தான். பூசுகிறவர் வெள்ளீயத்தோடு காரீயத்தைக் கலந்திருந்தால் அது பாத்திரத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கக்கூடிய விஷயம் இல்லை.

ஏன் சிறுநீரகத்தைக் குறிவைக்கிறது?

இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து ஒரு நாளில் ஏறத்தாழ 180 லீற்றர் வடிக்கின்றன. வெளியே போவது ஒன்றரை லீற்றர் அளவுதான். மிச்சத்தை, வடிகட்டிக்குப் பின்னால் இருக்கும் நுண்ணிய குழாய்கள் திரும்ப உறிஞ்சி இரத்தத்துக்குக் கொடுத்துவிடும். அந்தக் குழாயின் முதல் பகுதிக்குத்தான் வேலை கூட. தண்ணீரிலும் சோடியத்திலும் மூன்றில் இரண்டு பங்கு, சீனி ஏறக்குறைய முழுவதும், பொஸ்பேற்றிலும் பைகாபனேற்றிலும் பெரும்பங்கு எல்லாம் அங்கேயே மீட்கப்படும். பாரமான வேலை என்பதால் அந்தக் கலங்களுக்கு நிறையச் சக்தி வேண்டும்.

உலோகம் போய்க் குந்துவதும் அந்த இடத்தில்தான். கட்மியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஈரலில் ஒரு சிறிய புரதத்தோடு ஒட்டிக்கொண்டு இரத்தத்தில் வரும். சிறுநீரகக் குழாய்க் கலங்கள், புரதத்தை வீணாக்கக் கூடாது என்று அதை உள்ளே இழுக்கும். உள்ளே புரதம் உடைந்துவிடும், கட்மியம் மிஞ்சும். உள்ளே போனதில் பாதி வெளியேற 10 முதல் 30 வருடம் எடுக்கும். ஈயம் இன்னொரு வழி: உடல் அதைக் கல்சியம் என்று ஏமாந்து எலும்பில் சேமித்துவிடும், பிறகு வருடக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இரத்தத்துக்குள் விடும். அதனால்தான் தொழிலை விட்டு இருபது வருடம் கழித்தும் சிலருக்குப் பிரச்சினை தெரியவருகிறது.

உப்புக்கள் எப்படிக் குழம்புகின்றன? சோடியம், பொற்றாசியம் எல்லாம் ஏன் மாறுகிறது?

இதற்கு நான் பார்த்த ஒரு ஆளைச் சொல்கிறேன். அறுபது வயதுக்கு மேல், நகைப்பட்டறையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்தவர். இடுப்பும் காலும் உளைவு, படியேற முடியாது என்று வந்தார். சலத்தில் குச்சியை நனைத்து எடுத்தேன். சீனிக்கான கட்டம் பச்சையிலிருந்து கபில நிறத்துக்கு மாறிவிட்டது. சரி, சலரோகம் என்று நினைத்து விரலில் குத்திப் பார்த்தால் சீனி 92. மூன்று மாதச் சராசரியும் சுத்தம். இரத்தத்தில் பொற்றாசியம் குறைவு, பொஸ்பேற் குறைவு, பைகாபனேற் குறைவு. சலத்தில் அல்புமின் என்ற புரதம் அதிகம் இல்லை. றிப்போர்ட்டைப் பார்த்த வைத்தியர் முதலில் கேட்டது, "என்ன தொழில்?" பொன்னை ஒட்ட அவர்கள் வைக்கும் பொடியில் கட்மியம் இருந்திருக்கிறது. கே.டி.எம். நகை என்று விளம்பரத்தில் கேட்டிருப்பீர்கள், அந்த முறையில் ஒட்டுப்பொன்னோடு சேர்ப்பது கட்மியத்தைத்தான். கட்மியம் 321 பாகையில் உருகும், ஊதுகுழல் சூட்டில் ஆவியாகி மூக்குக்குள் போகும்.

நடந்தது இதுதான். மீட்க வேண்டிய குழாய் மீட்கவில்லை. சீனி, பொஸ்பேற், பைகாபனேற், அமினோ அமிலங்கள் எல்லாம் சலத்தோடு ஒழுகின. பைகாபனேற் போனால் இரத்தம் புளிக்கும். பொஸ்பேற் போனால் எலும்பு மெலியும். பொற்றாசியம் போனால் தசை சோரும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். இப்படி மொத்தமாக ஒழுகும் நிலைக்கு பன்கோனி கூட்டறிகுறி என்று பெயர். யப்பானில் தோயாமா மாகாணத்தில் ஜின்சு ஆற்றங்கரைச் சனங்களுக்குச் சுரங்கக் கழிவில் இருந்த கட்மியம் வயல் நெல்லுக்குள் போய் நடந்ததும் இதே வகைதான். எலும்பு நொருங்கி வலியில் "இதாய், இதாய்" என்று கத்தினதால் நோய்க்கே அந்தப் பெயர் வந்தது. 1968 இல் அரசாங்கம் அதை மாசினால் வந்த நோய் என்று ஏற்றுக்கொண்டது.

ஒரு எச்சரிக்கை: சலத்தில் சீனி, இரத்தத்தில் சீனி இல்லை என்றவுடன் உலோகம் என்று முடிவெடுக்க வேண்டாம். டபாகிளிபுளோசின், எம்பாகிளிபுளோசின் என்ற புதுச் சலரோகக் குளிசைகள் வேலை செய்வதே சீனியைச் சலத்தில் தள்ளித்தான்.

ஆனால் எனக்குக் கிரியற்றினின் சரியாக இருக்கிறதே?

கிரியற்றினின் சிறுநீரகம் வடித்து வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு; இரத்தத்தில் அதன் அளவு வடிகட்டியின் அளவுகோல். குழாய் கெட்டுப்போனாலும் வடிகட்டி நல்லாக இருக்கும் காலம் நிறைய உண்டு. அதோடு வேலையின் பாதியளவு போகும்வரை கிரியற்றினின் அசையாமல் இருக்கலாம். குழாயின் நிலையைப் பார்க்க பீற்றா-2 மைக்கிறோகுளோபுலின் போன்ற சிறு புரதங்களைச் சலத்தில் அளப்பார்கள்.

பொற்றாசியம் கூடியிருக்கிறது என்று பயந்து வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, ஊசி குத்தினது கஷ்டமாக இருந்ததா என்று. இரத்தக் கலம் உடைந்தால் உள்ளிருக்கும் பொற்றாசியம் வெளியே கொட்டிப் பொய் எண் காட்டும். திரும்ப எடுத்துப் பார்த்தால் பல பேருக்கு 3.5 முதல் 5.0 என்ற வழமையான எல்லைக்குள் வந்துவிடும்.

யாழ்ப்பாணத்தில் எங்கிருந்து உடலுக்குள் போகிறது?

புகை. முதலில் இதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒருவரும் எதிர்பார்ப்பதில்லை. புகையிலைச் செடி மண்ணில் உள்ள கட்மியத்தை இலைக்கு இழுத்துச் சேர்க்கும் குணம் கொண்டது. சாப்பாட்டில் உள்ள கட்மியத்தில் நூற்றுக்கு ஐந்து அளவுதான் குடல் எடுக்கும். நுரையீரல் அதைவிடப் பலமடங்கு எடுக்கும். புகைப்பவர் உடலில் கட்மியச் சுமை புகைக்காதவரைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. சிகரெட் என்றாலும் சுருட்டு என்றாலும் கதை ஒன்றுதான்.

பற்றரி. வாகனப் பற்றரியை உடைத்துத் தகட்டை உருக்குவது. ஈயம் 327 பாகையில் உருகும், விறகடுப்பே காணும். கரையோரத்தில் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டை வீட்டு முற்றத்தில் வார்ப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். உருக்கிய சட்டியின் மேல் மிதக்கும் சாம்பல் நிறப் பொருக்கை அகப்பையால் வழித்து வேலியோரம் கொட்டுவார்கள். அந்தப் பொருக்கு ஈய ஒட்சைட்டு. காய்ந்ததும் தூளாகிக் கோழியின் காலிலும் பிள்ளையின் கையிலும் ஏறும். பெரியவர் விழுங்கிய ஈயத்தில் பத்தில் ஒன்று அளவை உடல் எடுக்கும் என்றால், சின்னப்பிள்ளைக்குப் பாதிவரை போகலாம்.

பழைய பெயின்ர் சுரண்டுவது, வேலை உடுப்போடு வீட்டுக்குள் வந்து பிள்ளையைத் தூக்குவது எல்லாம் இதே வகை. கிறீமும் நாட்டு மருந்தும் கீழே தனியாக வருகின்றன.

சுன்னாகத்துக் கிணறுகளில் வந்தது பார உலோகமா?

அது எண்ணெய். மின்நிலையப் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தது 2014, 2015 இல் பெரிய விவகாரமாகி, 2019 இல் உயர் நீதிமன்றம் மின் உற்பத்தி நிறுவனம் ஒன்றை 2 கோடி ரூபாய் கட்டச் சொன்னது. தோட்டப் பகுதிக் கிணறுகளில் நெடுங்காலமாக இருக்கும் நைத்திரேற்றும் வேறு விடயம். அது உரத்திலும் மலக்குழியிலும் இருந்து வருவது, கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. பார உலோகம், எண்ணெய், நைத்திரேற் மூன்றையும் "தண்ணீர் நஞ்சு" என்று ஒரே சாக்கில் கட்டினால் எந்தச் சோதனை செய்ய வேண்டும் என்பதே தெரியாமல் போகும்.

முகம் வெள்ளையாகப் பூசும் கிறீமுக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு. சில கிறீம்களில் பாதரச உப்புச் சேர்ப்பார்கள், தோலின் நிறத்தை உண்டாக்கும் வேலையை அது நிறுத்தும். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச மினமாதா உடன்படிக்கை அழகுசாதனத்தில் அதற்கு முதலில் வைத்த எல்லை பத்து இலட்சத்தில் ஒரு பங்கு; பிறகு அந்த எல்லையையும் எடுத்துவிட்டுப் பாதரசம் சேர்ப்பதையே தடுத்துவிட்டார்கள். களவாக வரும் கிறீம்களில் ஆயிரக்கணக்கான மடங்கு இருந்திருக்கிறது. பெட்டியில் எழுதியிருக்க மாட்டார்கள்.

இங்கே கெடுவது பெரும்பாலும் வடிகட்டிதான். புரதம் ஒழுகும், சலம் சவர்க்காரம் கரைத்ததுபோல நுரைக்கும், உடல் சோடியத்தையும் தண்ணீரையும் பிடித்துவைக்கும், காலையில் கண்ணிமையும் பின்னேரத்தில் காலும் வீங்கும். கலியாணத்துக்கு முன் இரண்டு மாதம் பூசின பிள்ளை வீங்கின முகத்தோடு வந்தால் குடும்பம் அதிர்ந்துபோகும். நல்ல செய்தி, பூசுவதை நிறுத்தினால் மாதக்கணக்கில் பலருக்குச் சரிவருகிறது. கிறீமை எறியாமல் டப்பாவோடு கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். தலையணை உறை, துவாய் வழியாக வீட்டிலுள்ள சின்னவர்களுக்கும் போகும்.

ஐயா, நான் நாட்டு மருந்து எடுக்கிறேன். அதையும் குறை சொல்வீர்களா?

மூலிகைக் குடிநீரைச் சொல்லவில்லை. பஸ்பம், செந்தூரம் வகையில் சிலவற்றில் ரசம், லிங்கம், தாளகம், காரீயம் சேர்ப்பது வைத்திய நூல்களிலேயே உள்ள முறை. ரசம் என்பது பாதரசம், லிங்கம் பாதரசச் சேர்மம், தாளகம் ஆசனிக் சேர்மம். சுத்தி செய்தால் நஞ்சு போய்விடும் என்பார்கள். உலோகம் மூலகம், எவ்வளவு புடம் போட்டாலும் அழியாது. எந்த அளவில் எவ்வளவு உறிஞ்சப்படும் என்பது மருந்துக்கு மருந்து மாறும். ஆகவே பதிவுபெற்ற சித்த வைத்தியரிடம், பெயர் எழுதின மருந்தாக வாங்குங்கள். இந்தியாவிலிருந்து யாரோ கொண்டுவந்து தாளில் சுற்றித் தந்த தூளைச் சாப்பிட வேண்டாம். ஏற்கெனவே சிறுநீரகம் தளர்ந்தவர்கள் கட்டாயம் வேண்டாம். கிளினிக்கில் இதை மறைக்காதீர்கள்; ஏசுவார்கள் என்று மறைப்பதால்தான் காரணம் பிடிபடாமல் போகிறது.

அனுராதபுரம் பக்கத்துச் சிறுநீரக நோய் இங்கேயும் வருமா? அதற்குக் காரணம் கட்மியம்தானே?

மதவாச்சி, பதவியா பகுதிகளில் 1990களில் இருந்து பேசப்படும், காரணம் பிடிபடாத அந்த நோய் சலரோகமும் பிரஷரும் இல்லாத விவசாயிகளைத் தாக்குகிறது. 2013 இல் வெளியான ஓர் ஆய்வு நோயாளிகளின் சலத்தில் கட்மியம் கூட இருந்ததாகச் சொன்னது. பின்னர் வந்த ஆய்வுகள் எல்லாம் அதோடு ஒத்துப்போகவில்லை. புளோரைட்டு, தண்ணீரின் கடினத்தன்மை, பூச்சிநாசினி, வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்வது என்று சந்தேகப் பட்டியல் நீளம். ஒன்றும் தனியாக நிரூபிக்கப்படவில்லை. "கட்மியம்தான்" என்று அடித்துச் சொல்பவரை நம்பாதீர்கள்.

நம் பக்கத்தில் சிறுநீரகக் கிளினிக் வாங்கில் உட்கார்ந்திருப்பவர்களைக் கேட்டால் அநேகர் சலரோகம், பிரஷர் என்றுதான் சொல்வார்கள். உலோகத்தைத் தேடுவதற்கு முன் அந்த இரண்டையும் பாருங்கள்.

மீன் சாப்பிடலாமா?

சாப்பிடுங்கள். மீனில் உள்ள பாதரசம் வேறு வடிவம், சிறுநீரகத்தைவிட மூளைக்கும் நரம்புக்கும்தான் கெடுதல். பெரிய மீன் சிறிய மீனைத் தின்னத் தின்ன அது சேரும். கர்ப்பிணிகளும் சின்னப்பிள்ளைகளும் சுறாவையும் தளபத்தையும் குறைத்து, சூடை, நெத்தலி எடுத்தால் போதும். பிள்ளை பெற்றவளுக்குச் சுறா வறைதான் வேண்டும் என்று மாமியார் நின்றால் நான் குறுக்கே வரவில்லை, தினமும் வேண்டாம் அவ்வளவுதான்.

அம்மாவுக்குத் தெல்லிப்பழையில் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றுகிறார்கள். ஒவ்வொரு முறையும் மக்னீசியம் பார்க்கச் சொல்கிறார்கள். ஏன்?

பெரும்பாலும் சிஸ்பிளாட்டின் என்ற மருந்தாக இருக்கும். அதன் நடுவில் இருப்பது பிளாட்டினம், அதுவும் ஒரு பார உலோகம்தான். புற்றுநோய்க் கலத்தைக் கொல்லும் அதே கையால் சிறுநீரகக் குழாயையும் தொடும், மக்னீசியம் சலத்தோடு ஒழுகும். மக்னீசியம் விழுந்தால் பொற்றாசியமும் கல்சியமும் கூடவே விழும். மக்னீசியத்தைச் சரிசெய்யாமல் பொற்றாசியம் மட்டும் எவ்வளவு கொடுத்தாலும் நிற்காது. கை கால் விறைப்பு, வாயைச் சுற்றி ஊசி குத்துவதுபோல, கெண்டைக்கால் இழுப்பு இருந்தால் அடுத்த தவணைவரை பார்த்திருக்காமல் சொல்லுங்கள். மருந்துக்கு முன்னும் பின்னும் போத்தல் போத்தலாகச் சேலைன் ஏற்றுவதும் இதற்காகத்தான்.

உப்புக் குறைந்தால் இளநீர் குடிக்கலாம்தானே?

எந்த உப்பு என்று தெரிந்த பிறகு. குழாய் ஒழுகும் ஆரம்ப நிலையில் பொற்றாசியம் குறையும், வடிகட்டியும் போன கடைசி நிலையில் பொற்றாசியம் கூடும். ஒரே நோயின் இரண்டு முனைகள். இளநீரில் பொற்றாசியம் நிறைய. இயந்திரத்தில் இரத்தம் சுத்திகரிப்பவர் சித்திரை வெயிலுக்கு இரண்டு இளநீர் குடித்தால் இதயம் நிற்கிற அளவுக்குப் போகலாம். றிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் இதற்குப் பதில் சொல்ல முடியும்.

தண்ணீரைக் காய்ச்சினால் உலோகம் போய்விடுமா?

போகாது. தண்ணீர் ஆவியாகும், உலோகம் அப்படியே மிஞ்சும், கொஞ்சம் செறிவாகவே. ஆர்.ஓ. வடிகட்டி எடுக்கும்.

உடலில் இருக்கும் உலோகத்தை எடுக்க மருந்து இருக்கிறதா? டீடாக்ஸ் பானம் விற்கிறார்களே?

பானங்களை விடுங்கள். ஈயத்துக்கும் பாதரசத்துக்கும் ஆசனிக்குக்கும் உலோகத்தைப் பிடித்து வெளியேற்றும் மருந்துகள் உண்டு. அளவு மிக அதிகமானவர்களுக்கு வைத்தியசாலையில் வைத்துக் கொடுப்பார்கள். அவற்றில் ஒன்றான ஈ.டி.ரி.ஏ. சிறுநீரகத்தையே கெடுக்கக்கூடியது. அதில் கல்சியம் சேர்ந்த வகைக்குப் பதிலாகச் சோடியம் மட்டும் உள்ளதை மாற்றி ஏற்றியதால் இரத்தக் கல்சியம் திடீரென்று விழுந்து இறந்தவர்கள் உண்டு. சிறுநீரகத்தில் வருடக்கணக்காகப் படிந்த கட்மியத்துக்கு நிரூபிக்கப்பட்ட மருந்து இல்லை. அது வரும் வழியை அடைப்பதுதான் வைத்தியம்.

சாப்பாட்டில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. இரும்புச்சத்து குறைந்தவர்களின் குடல் இரும்பைத் தேடும் அவசரத்தில் கட்மியத்தையும் ஈயத்தையும் சேர்த்து அள்ளும். இரத்தச்சோகை உள்ள பெண்களுக்கு இது கூடவே நடக்கும். இரத்தச்சோகையைக் கவனியுங்கள். கல்சியத்துக்கு முருங்கையிலை, முள்ளோடு தின்னும் நெத்தலி.

சோதனைக்கு வருவதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

ஈயம் என்றால் இரத்தம். ஆனால் இரத்தத்தில் உள்ள ஈயம் ஒரு மாதத்தில் பாதியாகும். போன வருடம் விட்ட தொழில் அதில் சரியாகத் தெரியாது, தொழில் விபரத்தை வாயால் சொல்லத்தான் வேண்டும். கட்மியத்தின் நெடுநாள் சுமைக்கும் ஆசனிக்குக்கும் சலம். உலோகத் தூள் படாத போத்தல் நாங்கள் தருவோம், வீட்டு யாம் போத்தலில் கொண்டுவராதீர்கள். பட்டறையில் வேலை செய்பவர் உடுப்பு மாற்றி, கை கழுவிவிட்டுச் சலம் பிடியுங்கள்.

ஆசனிக் பார்க்க என்றால் நாலைந்து நாளைக்குக் கடலுணவு கூடாது. நண்டிலும் றாலிலும் கெடுதல் செய்யாத வகை ஆசனிக் ஏராளம். முதல்நாள் இரவு ஒடியற்கூழ் குடித்துவிட்டு வந்த ஒருவருடைய எண்ணைப் பார்த்துவிட்டு நாங்கள் எல்லோரும் பதறிப்போய், கடைசியில் "கூழுக்குள் என்ன போட்டனீங்கள்?" என்று கேட்டபிறகுதான் மூச்சு வந்தது. ஒரு கிழமை கழித்துத் திரும்ப எடுத்தோம், ஒன்றும் இல்லை.